'இந்நாளில்' பலகை எழுதப் போகிறீர்களா? நெல்லைச் சீமையிலிருந்து ஒரு வழிகாட்டி

எங்கள் ஊர்க் கிளை நூலக வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அம்பாசமுத்திரம் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் காலையில் அதைப் படித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். 'இந்நாளில்' என்று தலைப்புப் போட்டு, அந்தத் தேதியில் பிறந்தவர்கள், மறைந்தவர்கள், நடந்த சம்பவங்கள் என ஐந்தாறு வரி எழுதுவது வாசகர் வட்டத்தில் என் பொறுப்பு. முதல் வருஷம் போனில் வந்த பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதினேன். தப்பு மேல் தப்பு. ஒரு பையன் என் பலகையைப் பார்த்துப் பேச்சுப் போட்டியில் தப்பான தேதியைச் சொல்லிவிட்டு வந்தான். அன்றைக்குத்தான் இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ சங்கத்திலோ இந்த வேலையைப் புதிதாக எடுத்துக்கொள்கிறவர்கள் நான் பட்ட பாட்டைப் படவேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

1. முதல் வருஷம் 30 நாள் போதும்

365 நாளும் எழுதுவேன் என்று ஆரம்பித்தால் இரண்டாம் வாரமே போனைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவீர்கள். எனக்கு அதுதான் நடந்தது. ஒரு நாளை ஒழுங்காகச் சரிபார்க்க ஒரு முழுச் சாயங்காலம் ஆகும். சில நாளுக்கு இரண்டு வாரம்கூட இழுக்கும். அதனால் முதல் வருஷம் 30 நாளைத் தேர்ந்தெடுங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று வரும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம் முன்னால் வேலையைத் தொடங்குங்கள். அடுத்த வருஷம் அந்த 30 தயாராக இருக்கும், புதிதாக 30 சேர்க்கலாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு கோடு போட்ட நீள நோட்டு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரித்து, சம்பவம், ஆண்டு, எங்கே பார்த்தேன், யார் சரிபார்த்தார் என்று எழுதுங்கள். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அந்த வரி பலகைக்குப் போகக் கூடாது. இந்த ஒரு விதி என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

அடுத்தது தினசரி காலண்டர். தாளைக் கிழித்தாலும் தூக்கிப் போடாமல் கட்டி வையுங்கள். தமிழ்த் தேதியும் நட்சத்திரமும் பார்க்க அது வேண்டும். மூன்றாவது, நூலக உறுப்பினர் அட்டை. பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. வாழ்க்கை வரலாறுகளையும் மாவட்ட வரலாறுகளையும் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். பழைய புத்தகங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, செலவே இல்லை.

உள்ளூர்ப் பெரியவர்கள் பெயரைச் சேர்ப்பதானால் குடும்பத்தாரிடம் ஜாதகக் குறிப்பு, பிறப்பு அல்லது இறப்புச் சான்றிதழ், பழைய பள்ளிச் சான்றிதழ், கல்லறை வாசகம் இவற்றில் குறைந்தது இரண்டையாவது கேளுங்கள். பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பவேண்டாம். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் வாத்தியார் கணக்குப் பண்ணிப் போட்ட தேதிதான் பாதிப் பேருக்கு. எங்கள் தாத்தாவுக்கும் அப்படித்தான், பிறந்தது ஐப்பசியில், சான்றிதழில் ஜூன் 1.

3. நம் ஊரிலிருந்து தொடங்குங்கள்

போனில் வருகிற பட்டியல்கள் எங்கேயோ தொடங்கி எங்கேயோ முடியும். நம் பிள்ளைகளுக்கு முதல் வரி அவர்கள் பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும். அதிலிருந்து வெளியே போங்கள்.

அக்டோபர் 16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நான் முழுசாக உழைத்துச் செய்த முதல் நாள் அதுதான். 1799-இல் அந்தத் தேதியில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். இது தெரிந்ததுதான். ஆனால் தேடிக்கொண்டு போனபோது, 1906-இல் வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானதும் அக்டோபர் 16 என்று பார்த்தேன். மூலதனம் பத்து லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கயத்தாற்றுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கும்? ஒரே தேதி, 107 வருஷ இடைவெளி. நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் வெளியே போனால், 1793-இல் பிரான்சில் மேரி அன்டோனெட் அரசி கில்லட்டினில் கொல்லப்பட்டதும் அதே அக்டோபர் 16. 1905-இல் வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்ததும் அதே நாள். 1945-இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு தொடங்கியதும் அன்றுதான், அதனால்தான் அது உலக உணவு நாள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். வங்கப் பிரிவினை நடந்து சரியாக ஒரு வருஷம் கழித்துச் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாகிறது. பிரிவினையை எதிர்த்துத்தான் சுதேசி இயக்கம் எழுந்தது, அந்த அலையில்தான் கம்பெனியும் வந்தது. இவ்வளவும் சரி. ஆனால் 'அந்த நாளை நினைவுகூரவே தேதியைப் பார்த்துப் பதிவு செய்தார்கள்' என்றோ, 'கட்டபொம்மனுக்குச் செய்த அஞ்சலி' என்றோ எழுத எழுத்தாணி துடிக்கும். எழுதாதீர்கள். ஆதாரம் கண்ணில் படும்வரை அது ஒரே தேதி, அவ்வளவுதான். வரிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு விடுங்கள், பிள்ளைகள் தாங்களே கேட்பார்கள்.

4. தேதியைச் சரிபார்ப்பது

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். 'எந்தத் தேதி' என்று கேட்டால் போதாது. எந்த நாள்காட்டியில், எந்த மணியில், எந்த ஊர்க் கணக்கில் என்று கேட்க வேண்டும்.

தமிழ்த் தேதி. பாரதியார் பிறந்தது 1882 டிசம்பர் 11, திங்கட்கிழமை. தமிழில் சித்திரபானு வருஷம் கார்த்திகை 27, மூலம். ஆனால் இப்போது காலண்டரில் டிசம்பர் 11-ஐப் பாருங்கள், கார்த்திகை 25 அல்லது 26 என்றுதான் இருக்கும். இது அச்சுப் பிழை இல்லை. தமிழ் வருஷத்தின் நீளம் ஆங்கில வருஷத்தைவிடக் கொஞ்சம் அதிகம், ஏறக்குறைய 72 வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். 140 வருஷத்தில் இரண்டு நாள். ஆகவே பழைய குறிப்பில் தமிழ்த் தேதி மட்டும் இருந்தால் இந்த வருஷக் காலண்டரில் அதற்கு நேரே இருக்கிற ஆங்கிலத் தேதியை எடுத்து எழுதக் கூடாது. அந்த வருஷத்துப் பஞ்சாங்கம்தான் பார்க்க வேண்டும்.

வருஷப் பெயர். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். சித்திரபானு 1882-இல் வந்தது, 1942-இல் வந்தது, 2002-இல் வந்தது. பெயரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அப்பாவும் மகனும் ஒரே வயதாகிவிடுவார்கள்.

கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. நம் பக்கத்துப் பழைய ஜாதகத்திலும் பத்திரத்திலும் கல்வெட்டிலும் இது அடிக்கடி வரும். வெளியூர்க்காரர்கள் எழுதிய வழிகாட்டி எதிலும் இதைப் பார்க்க முடியாது. ஆவணியில் வருஷம் பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில வருஷம் தெரிய, ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. பாரதியார் பிறந்த மாதம் கொல்லம் 1058. 1058-உடன் 824-ஐக் கூட்டினால் 1882 வருகிறதா, சரி.

நடு இரவு. இதில்தான் நான் வசமாக மாட்டினேன். ஒரு செப்டம்பர் 11 காலையில் 'மகாகவி பாரதியார் மறைந்த நாள், 1921' என்று எழுதிவிட்டுச் சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தேன். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டே படித்தார். "தம்பி, நடுராத்திரி தாண்டி ஒண்ணரை மணிக்குல்லா அவரு போனாரு. அப்போ தேதி என்ன?" என்றார். எனக்குப் பதில் இல்லை. போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி, உயிர் பிரிந்தது 12-ஆம் தேதி அதிகாலை. ஊரில் 'பதினொண்ணாம் தேதி ராத்திரி' என்று சொல்வது நம் பேச்சு வழக்கு, விடிந்தால்தானே நமக்கு மறுநாள். தமிழக அரசும் 2021-இலிருந்து செப்டம்பர் 11-ஐ மகாகவி நாளாகக் கொண்டாடுகிறது. இரவு மரணம் எதுவானாலும் மணி என்ன என்று தேடுங்கள். பழைய காலத்துச் சூரிய உதயக் கணக்கு வேறு, கடிகாரக் கணக்கு வேறு.

மழைக் கணக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்தை நம் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். பதிவேட்டில் அது 18-ஆம் தேதி மழை. ஆனால் வானிலைத் துறை காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை அளந்து, அளந்த நாளின் தேதியைப் போடும். வானம் கொட்டியதில் பெரும்பகுதி 17-ஆம் தேதி பகலும் இரவும். 'டிசம்பர் 18 காலை வரையான 24 மணி நேரத்தில்' என்று எழுதினால் இரண்டு பக்கமும் சரியாகிவிடும்.

ஐரோப்பியத் தேதிகள். இங்கிலாந்து 1752-இல்தான் இப்போதைய நாள்காட்டிக்கு மாறியது, செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று வைத்தார்கள். நியூட்டன் பிறந்தது பழைய கணக்கில் 1642 டிசம்பர் 25, புதிய கணக்கில் 1643 ஜனவரி 4. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நவம்பர் 7-ஆம் தேதிப் பலகையில் வருவதும் இதனால்தான். வருஷம் பழசாக இருந்தால் எந்தக் கணக்கு என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

கிழமை ஒரு நல்ல சாட்சி. பழைய குறிப்பில் கிழமை இருந்தால் போனில் காலண்டரைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். வ.உ.சி. பிறந்த 1872 செப்டம்பர் 5 வியாழக்கிழமை. கிழமை ஒத்துவராவிட்டால் தேதியில் ஏதோ கோளாறு.

5. ஊரும் மாவட்டமும்

'திருநெல்வேலி மாவட்டம், ஓட்டப்பிடாரம்' என்று எழுதி எத்தனை பேர் பலகை வைத்திருக்கிறார்கள்! 1986 அக்டோபர் 20-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானது. எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு எல்லாம் இன்றைக்கு அங்கேதான். தென்காசி 2019 நவம்பரில் பிரிந்தது. செங்கோட்டை இன்னும் சிக்கல். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் ஊர் அது. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம், 1956 நவம்பர் 1-இல்தான் நம்மோடு சேர்ந்தது. அதனால் 'அன்றைய', 'இன்றைய' என்ற இரண்டு சொல்லைச் சிக்கனம் பார்க்காமல் போடுங்கள்.

சொந்த ஊரையும் பிறந்த ஊரையும் குழப்பாதீர்கள். புதுமைப்பித்தன் நெல்லைக்காரர், ஆனால் பிறந்தது 1906 ஏப்ரல் 25-இல் கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூரில். கால்டுவெல் அடக்கமாகியிருப்பது இடையன்குடியில், உயிர் பிரிந்தது கொடைக்கானலில், 1891 ஆகஸ்ட் 28.

6. எதை எழுதுவது, எதை விடுவது

ஆறு வரிக்கு மேல் எழுதினால் பஸ் வருவதற்குள் யாரும் படித்து முடிக்க மாட்டார்கள். என் கணக்கு: நம் சீமை இரண்டு, தமிழ்நாடும் இந்தியாவும் இரண்டு, உலகம் ஒன்று, அறிவியல் ஒன்று. ஒரு டிசம்பர் 11 இந்தக் கணக்குக்கு அழகாகப் பொருந்தும். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த அதே 1882 டிசம்பர் 11-இல் ஜெர்மனியில், அன்றைய பிரெஸ்லாவில், இயற்பியல் மேதை மாக்ஸ் போர்ன் பிறந்தார். தேதி மட்டும் இல்லை, வருஷமும் அதே. பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், சி.வி. ராமன் அழைத்து பெங்களூரில் சில மாதம் வந்து இருந்தவர். விசுவநாதன் ஆனந்த் பிறந்ததும் டிசம்பர் 11, 1969. எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்ததும் அதே நாள், 2004. 

செப்டம்பர் 5 வந்தால் எனக்கு மனசு கஷ்டப்படும். ராதாகிருஷ்ணன் பிறந்தநாள், ஆசிரியர் தினம், பள்ளிக்கூடம் முழுக்க அதே கொண்டாட்டம். கொண்டாடட்டும், வேண்டியதுதான். ஆனால் செக்கிழுத்த மனிதர் பிறந்ததும் அன்றுதான், நம் மண்ணில் அவருக்கு மூலையில் ஒரு வரி என்றால் எப்படி? நம் பலகையில் அவர் முதல் வரி. இட நெருக்கடி வந்தால் அவருக்கு மார்ச் 12-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். 1908-இல் அவரைக் கைது செய்த நாள், மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். 22 வருஷம் கழித்து அதே மார்ச் 12-இல் காந்தி தண்டிக்கு உப்பெடுக்க நடக்கத் தொடங்கினார். உப்பளத்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி என்றால் இந்த இரண்டு வரியே போதும்.

துக்க நாளை ஒளிக்காதீர்கள். ஜூலை 23-இல் திலகர் பிறந்தார், 1856. சந்திரசேகர ஆசாத் பிறந்தார், 1906. சுப்பிரமணிய சிவா மறைந்தார், 1925. அதே நாளில்தான் 1999-இல், கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் வந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் உடன் வந்தவர்களும் நெல்லையில் தாமிரபரணியில் 17 உயிர்களை இழந்தார்கள். அந்த வரியை எழுத வேண்டாம் என்று எனக்குச் சிலர் சொன்னார்கள். எழுதினேன். ஆனால் பிறந்தநாள் வரிகளுக்கு நடுவில் சொருகாமல், கீழே கோடு போட்டுத் தனியாக எழுதினேன். வண்ணச் சாக்பீஸ் அன்றைக்கு வேண்டாம்.

ஆனித் தேர், பங்குனி உத்திரம் போன்றவற்றை ஆங்கிலத் தேதியில் கட்டிப்போட்டு நோட்டில் எழுதாதீர்கள். வருஷா வருஷம் மாறும்.

7. வரியை எழுதும் விதம்

இறந்தவருக்குப் 'பிறந்தநாள் வாழ்த்துகள்' போடக் கூடாது, 'பிறந்த நாள்' என்றால் போதும். எண்ணிக்கையில் ஜாக்கிரதை. 1872-இல் பிறந்த வ.உ.சி.க்கு 150 ஆண்டு நிறைந்தது 2022 செப்டம்பர் 5-இல். 150-ஆம் ஆண்டு தொடங்கியது அதற்கு ஒரு வருஷம் முன்னால். அரசு விழா 2021-இலேயே தொடங்கியது இதனால்தான். 'நிறைவு', 'தொடக்கம்' என்று எதையாவது சேர்த்து எழுதினால் சண்டை வராது.

பிப்ரவரி 29-க்கும் ஒரு பக்கம் விட்டு வையுங்கள். மொரார்ஜி தேசாய் (1896), ருக்மிணி தேவி அருண்டேல் (1904) இரண்டு பேரும் அன்று பிறந்தவர்கள். மற்ற வருஷங்களில் அவர்களைப் பிப்ரவரி 28-இல் எழுதி, அடைப்புக்குள் 29 என்று போட்டுவிடுகிறேன்.

8. செலவும் நேரமும்

பலகை ஏற்கெனவே இருந்தால் செலவு சொற்பம். பழைய பலகைக்குக் கரும்பலகைப் பெயின்ட் அரை லிட்டர், வருஷத்துக்கு ஒருமுறை. சாக்பீஸ், டஸ்டர், நோட்டு, நூலகத்தில் எடுக்கிற ஜெராக்ஸ், பாளையங்கோட்டைக்குப் பஸ் என்று எனக்கு முதல் வருஷம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஃபிளக்ஸ் அடிக்காதீர்கள். ஒருமுறை அடித்துவிட்டால் தப்பைத் திருத்த முடியாது, மறுபடி காசு. சாக்பீஸ் எழுத்தின் நன்மையே அழிக்கலாம் என்பதுதான். படம் ஒட்டுவதானால் ஒன்றே ஒன்று போதும், கீழே பெயர் எழுதுங்கள். பெயர் இல்லாத மீசைப் படம் எல்லாம் பிள்ளைகளுக்குக் கட்டபொம்மன்தான்.

எழுதுவது முந்தின நாள் சாயங்காலம். காலையில் எழுதினால் அவசரத்தில் எண் மாறும், 1799 என்பது 1779 ஆகும். எழுதி முடித்ததும் வேறொருவரை நோட்டை வைத்துக்கொண்டு பலகையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுதினவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. எங்களுக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாசிக்கிறாள். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள், 'ஒண்ணு, ஏழு, ஒன்பது, ஒன்பது' என்று.

9. தப்பு வந்துவிட்டால்

வரும். அன்றைக்கே அழித்துத் திருத்துங்கள், அதோடு மறுநாள் பலகையில் முதல் வரியாகத் 'திருத்தம்' என்று போட்டு, அதே அளவு எழுத்தில் சரியானதை எழுதுங்கள். நேற்றுப் பார்த்துக் குறித்துக்கொண்டு போன பிள்ளை இன்றைக்கும் அதே பஸ்ஸுக்குத்தான் வருவான். நோட்டின் நான்காவது பத்தியில் திருத்தியவர் பெயரையும் எழுதுங்கள். எங்கள் நோட்டில் செப்டம்பர் 11 பக்கத்தில் அந்தத் தபால் அண்ணாச்சியின் பெயர் இருக்கிறது. இப்போது அந்த நாளில் இப்படி எழுதுகிறோம்: 'மகாகவி நாள். பாரதியார் 1921-இல் இன்று நள்ளிரவு கடந்து, 12-ஆம் தேதி அதிகாலையில் சென்னை திருவல்லிக்கேணியில் மறைந்தார்.' 12-ஆம் தேதியும் அந்த வரியை அழிப்பதில்லை.